முழுவியளத்துக்கு நான்தான் வருவேன்

தம்பி,

பெற்ற தாய் என்றாலும், நீ சுகமா என்று கேட்கப்போவதில்லை. நேற்று ரெலிபோனில் என்னோடு சண்டை பிடித்த குரலிலேயே தெரிந்தது, நெஞ்சில் சளியுமில்லை, வயிற்றில் பசியுமில்லை, நன்றாகத்தான் இருக்கிறாய். கோபத்தைக் கழித்துப் பார்த்தால் நானும் நன்றாகத்தான் இருக்கிறேன். ஹோட்டல் நடையில் தொங்குகிற ரெலிபோனில் நின்று கத்த எனக்கு விருப்பமில்லை. நேற்றே இரண்டு விருந்தாளிகள் படியில் அப்படியே நின்றுவிட்டார்கள். என் வீட்டில் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்திருப்பார்கள். அதனால்தான் எழுதுகிறேன். எங்கள் ஹோட்டலில் கேக் செய்கிற மிர்கோ நாளைக்கு லீவில் லுசேர்ணுக்கு இறங்குகிறார், அவர் கையில் கொடுத்துவிடுகிறேன். உறையை ஒட்டவில்லை. மறந்துபோனேன் என்று நினைக்காதே. நீ வாசித்த பிறகு நொஷாட்டலுக்குக் கொண்டுபோ, உனக்குப் பேசியிருக்கிற சுகந்தியின் சித்தப்பா வாசிக்கட்டும். பிறகு அங்கே உனக்குக் கிட்ட இருக்கிற மலர் அன்ரிக்கும் கொடு. எனக்குப் பின்னால் கதைக்கிறவர்கள் ஒருதரம் எனக்கு முன்னால் இருந்து கேட்டால் என்ன?

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஈஸ்டர் முடிந்து ஹோட்டலைப் பூட்டியதும், சித்திரை மாதத்தில், நான் சுவீடனின் வடக்குக்குப் போகிறேன். அங்கே ஒரு கிழமை, பனிக்கு மேல் ஓடுகிற மோட்டார்ச் சறுக்கு வண்டியில், காட்டுக்குள்ளாலும் உறைந்த ஏரிகளுக்கு மேலாலும், ஒரு குடிசையிலிருந்து அடுத்த குடிசைக்கு ஓடப்போகிறோம். உவேலியும் அவருடைய மனைவி மார்த்தாவும் மிர்கோவும் நானும். உன் கல்யாணம் ஆனியில். அதற்கு எவ்வளவோ முன்னர் வந்துவிடுவேன். இதில் மாற்றம் ஒன்றும் இல்லை. இனி எழுதப்போவது உன்னிடம் அனுமதி கேட்டு அல்ல, நீ நேற்றுச் சொன்னதற்குப் பதில்.

நீ சொன்னதை நான் சரியாக விளங்கிக்கொண்டேனா என்று பார். ஹெல்மெற்றும் கால்சட்டையும் போட்டு நான் வண்டியில் இருக்கிற படத்தை உன் அறைச் சுவரில் மலர் அன்ரி கண்டிருக்கிறா. கண்டவ ஒன்றை நாலாக்கி நொஷாட்டலில் சொல்லியிருக்கிறா. புருஷன் இல்லாத பொம்பிளை வெள்ளைக்காரரோடு சேர்ந்து ஊர் சுற்றப் போகிறாள் என்று சித்தப்பாவுக்கு முகம் கறுத்துவிட்டது. கல்யாணம் முடியுமட்டும் என்னை அடங்கி இருக்கச் சொல்லு என்று உன்னிடம் சொல்லியிருக்கிறார். இதுவரைக்கும் நான் சிரித்துக்கொண்டுதான் கேட்டேன். அதற்குப் பிறகு நீ இன்னொன்று சொன்னாய். சொல்வதற்கு முதல் ஒருதரம் இருமினாய். முழுக வார்க்க முதல் உன் தலையில் பால் அறுகு வைக்கிறதையும், நீ வெளிக்கிடும்போது நிறைகுடத்தோடு முன்னால் வருகிறதையும், மணவறைக்குப் பக்கத்தில் தாயின் இடத்தில் நிற்கிறதையும் மலர் அன்ரியும் அவவின் புருஷனும் செய்யட்டுமாம்.

"நீங்கள் ரெண்டாம் வரிசையில இருங்கோ, அம்மா. அங்க இருந்தாலும் எல்லாம் வடிவாத் தெரியும்" என்றாய்.

தியேட்டரில் படம் பார்க்கப் போகிற ஆளுக்கு இடம் பிடித்துக் கொடுக்கிற மாதிரிச் சொன்னாய். போனை வைத்துவிட்டுச் சலவை அறைக்குப் போய் மேசை விரிப்புகளை அயன் பண்ணினேன். அழுதேன் என்றும் எழுதிவிடுகிறேன், மறைக்க என்ன இருக்கிறது. நல்லாய் அழுதேன், தம்பி. பிறகு கோபம் வந்தது, அதோடு நித்திரை போய்விட்டது.

நான் எப்படி இந்த வண்டியில் ஏறினேன் என்று உனக்கு முழுக்கத் தெரியாது. இந்த நாட்டுக்கு அகதியாய் வந்த புதிதில் நீ லுசேர்ணில் சமையலறை வேலைக்குப் போனாய், என்னைச் சலவை வேலைக்கு இந்த மலைக்கு ஏற்றிவிட்டார்கள். இங்கே பனிக்காலத்தில் தெரு இல்லை. கேபிள் கார் வந்து நிற்கிற இடத்திலிருந்து ஹோட்டல் வரைக்கும் பாணும் பாலும் விருந்தாளிகளின் பெட்டிகளும் சறுக்கு வண்டியில்தான் வரவேண்டும். அதை ஓட்டுகிற உவேலி கூரையில் பனி தள்ளப் போய் விழுந்து காலை முறித்துக்கொண்டார். யாருக்கு ஓட்டத் தெரியும் என்று முதலாளியம்மா கேட்டபோது சமையலறை ஆண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். நான் கையைத் தூக்கினேன். எனக்கும் தெரியாது. சைக்கிளைத் தவிர வாழ்க்கையில் எதையும் ஓட்டியதில்லை. விடிந்ததிலிருந்து சலவை அறையின் ஆவிக்குள் நின்று எனக்கு மூச்சு முட்டியது, வெளியே போனால் போதும் என்று இருந்தது. அவ்வளவுதான் காரணம்.

முதல் நாள் சேலையோடுதான் போனேன். திரும்பி வரும்போது சேலைக் கரை பலகை மாதிரி விறைத்து நின்றது, நடந்தால் தட்டுப்பட்டுச் சத்தம் போட்டது. அன்றைக்குப் பின்னேரமே மார்த்தாவின் கால்சட்டையை இரவல் வாங்கினேன். அதைவிடப் பெரிய கூத்து தேங்காய் எண்ணெய். வேகம் கூட்டுகிற பிடி கொஞ்சம் இறுகிக் கிடந்தது. ஊரில் கதவு கிறீச்சிட்டாலும், தையல் மெஷின் இறுகினாலும் நாங்கள் என்ன செய்வோம்? தலைக்கு வைக்கிற போத்திலிலிருந்து நாலு சொட்டு விடுவோம். அதைத்தான் செய்தேன். இரவில் வண்டியைச் சலவை அறைக்குப் பக்கத்தில்தான் விடுவோம், அந்தச் சூட்டில் பிடி வழுவழு என்று ஓடியது, எனக்கு ஒரே பெருமை. விடிந்ததும் வண்டியை வெளியே எடுத்து வேகத்தைக் கூட்டினேன். குளிரில் எண்ணெய் மெழுகாகி, கூட்டின பிடி கூட்டினபடியே நின்றுவிட்டது. வண்டி என்னையும் பாண் பெட்டிகளையும் கொண்டு நேரே போய் உவேலியின் விறகுக் குவியலுக்குள் ஏறியது. எனக்கு ஒரு கீறலும் இல்லை. ஊன்றுகோலோடு வாசலில் நின்ற உவேலி பிடியை மோந்து பார்த்துவிட்டு, ஏன் வண்டி பிஸ்கட் மணக்கிறது என்று கேட்டார். இப்போதும் புதிதாய் யாரும் வேலைக்கு வந்தால் முதலில் அந்தக் கதையைத்தான் சொல்லுவார்.

உவேலி இளமையில் சுவீடனின் வடக்கில் இரும்புச் சுரங்கத்தில் வேலை செய்தவர். கால் சரியான நாளிலிருந்து ஒருதரம் அங்கே போய் ஓடவேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சுவிசில் சும்மா ஆசைக்கு இந்த வண்டியை ஓட்டவிடமாட்டார்கள், வேலைக்கு மட்டும்தான். அங்கே பாதையே போட்டு வைத்திருக்கிறார்களாம், கம்பங்களில் சிவப்புக் குறுக்குக் கட்டை அடித்து. இந்தப் பனிக்காலம் முழுக்க எங்கள் திட்டம் நடந்தது என்னுடைய அயன் மேசையில். வரைபடத்தின் மடிப்புகளை நான் இளஞ்சூட்டில் அயன் பண்ணி விரித்து வைப்பேன், நாலு பேரும் குனிந்து நிற்போம். எந்த ஊரில் பெற்றோல் கிடைக்கும், எந்த இரண்டு ஊருக்கு நடுவில் கிடைக்காது, இழுவைச் சறுக்கில் எத்தனை கேன் கட்டலாம், மாற்று பெல்ற்றை யார் கொண்டுவருவது என்று ஒரே வாக்குவாதம். மிர்கோவுக்கு ஒவ்வொரு நாளும் தூரம் போகவேண்டும். மார்த்தாவுக்கு ஒவ்வொரு குடிசையிலும் அடுப்பு இருக்கவேண்டும். உவேலி வெள்ளிக்கிழமை வெளிக்கிடமாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். மார்த்தா மாசி மாதத்தில் தேவாலயத்தில் மந்திரித்த பாண் துண்டு ஒன்றைத் துணியில் சுற்றி வைத்திருக்கிறா, அது இல்லாமல் அவ பனிக்கு மேல் கால் வைக்கமாட்டா. சகுனம் எங்களுக்கு மட்டும் சொந்தம் என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன்.

சாப்பாடு என் பொறுப்பு. சாமான் ஏற்றுகிற சாட்டில் இங்கே மலையில் ஒரு பகல் ஓடிப் பார்த்தோம், அதற்குப் புட்டுக் கொண்டுபோனேன். மத்தியானம் திறந்தால் கூழாங்கல். மிர்கோ ஒன்றைக் கடித்துவிட்டுப் பல்லைத் தடவிப் பார்த்தார். இப்போது தட்டை வடை என்று முடிவு. பருத்தித்துறைப் பக்கத்தில் சுடுகிற மாதிரி மெல்லியதாய், காய்ந்ததாய்ச் சுட்டால் அதில் உறைய ஈரமே இல்லை. சமையல்காரனான உனக்கு இது விளங்கும். வெளிக்கிடும்போது தேங்காய் உடைக்கவேண்டும் என்றும் சொல்லிவிட்டேன். பனியில் ஓங்கி அடித்தால் தேங்காய் உடையாது, உள்ளே போய்விடும், அடித்துப் பார்த்துத் தோண்டி எடுத்தோம். கல் ஒன்று கொண்டுபோகலாம் என்றால் பாரம் என்று உவேலி ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் வண்டியின் இரும்புக் கொழுக்கியில் உடைக்கிறது என்று தீர்மானித்தோம். இதை ஏன் எழுதுகிறேன் என்றால், அம்மா வெள்ளைக்காரரோடு சேர்ந்து சாமியை விட்டுவிட்டா என்று அங்கே யாரும் சொல்லக்கூடாது. எனக்குப் பிள்ளையாரோடு ஒரு கோபமும் இல்லை.

பிறகு யார் முன்னுக்குப் போவது என்ற கேள்வி வந்தது. சித்திரையில் அங்கே ஏரிகள் இன்னும் கெட்டியாகத்தான் இருக்கும், ஆனால் நீரோட்டம் இருக்கிற ஒடுங்கிய இடங்களில் ஐஸ் மெலிந்துவிடும் என்றார் உவேலி. அப்படியான இடத்தில் பாரம் குறைந்தவர் முன்னுக்குப் போகவேண்டும், மற்றவர்கள் இடைவெளி விட்டு அவருடைய தடத்தில் வரவேண்டும், சாமான் இழுக்கிறவர் கடைசி. நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். மிர்கோவின் வயிற்றைப் பார்த்தால் அவர் முன்னுக்குப் போகமுடியாது என்று தெரியும். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் மாட்டேன் என்றேன். புருஷன் செத்தவள் நான், நான் முன்னுக்குப் போனால் பின்னால் வருகிறவர்களுக்குக் கூடாது என்று எனக்குத் தெரிந்த ஜேர்மனில் சொன்னேன். உவேலி பென்சிலைக் கீழே வைக்காமலே கேட்டார்.

"ஐஸ் பாரத்தைத்தானே பார்க்கும். உன்ர புருஷனை அது ஏன் விசாரிக்கப்போகுது?"

அவர் எனக்குப் புத்தி சொல்லவில்லை. வரைபடத்தில் என் பெயரை முதலில் எழுதிவிட்டு அடுத்த பெற்றோல் கேனுக்குப் போய்விட்டார். எனக்குத்தான் அந்தக் கேள்வி மண்டைக்குள் நின்றது. யோசித்துப் பார்த்தேன். பனி கொட்டின நாட்களில் கேபிள் காருக்கு முதல் தடம் போடுகிறவள் நான்தானே. இந்த மலைக்கு வருகிற ஒவ்வொருவரும் முதலில் என் முகத்தில்தான் முழித்திருக்கிறார்கள். புதுக் கல்யாணச் சோடிகள்கூட. ஒருவருக்கும் கால் முறியவில்லை, உவேலியைத் தவிர. அவரும் நான் வண்டியில் ஏறுவதற்கு முந்தியே முறித்துக்கொண்டவர்.

ஊரில் ஒரு நாள் நடந்தது உனக்கு மறந்திருக்காது. சந்திக்குப் போன உன் அப்பா திரும்பி வராமல், நான் போய்க் கேட்ட பிறகு உடலை மட்டும் தந்து, முப்பத்தோராம் நாள் அந்திரட்டி முடிந்த புதிது. நான் தண்ணீர் வாளியோடு படலையைத் திறந்து வெளியே வந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் கொழும்புக்குப் போக வெளிக்கிட்டு எதிரே வந்துவிட்டார். என்னைக் கண்டதும் திரும்பிப் போய்த் தன் வாசலில் குந்தியிருந்து, தண்ணீர் வாங்கிக் குடித்து, வெளிக்கிடுகிறவர் முதலில் காண்கிற முகமாக, முழுவியளத்துக்கு, அவருடைய மகளை எதிரே வரச்சொல்லி, அவளின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பிறகு போனார். இருபது வருஷமாய் எங்கள் கிணற்றில் தண்ணீர் அள்ளின மனுஷன். நான் வாளியை வைத்துவிட்டு அப்படியே நின்றேன். நீதான் தெருவுக்கு ஓடினாய். மீசை அரும்பின வயது, அவருடைய பையைப் பிடித்துக்கொண்டு, "என்ர அம்மான்ர முகத்தில என்ன பிழை?" என்று கேட்டாய். அந்தப் பிள்ளையைத்தான் நேற்று ரெலிபோனில் தேடினேன், காணவில்லை.

இனிச் சுகந்தியின் சித்தப்பாவுக்கு. தம்பி, இந்த இடத்தை அவருக்கு நீயே சத்தமாக வாசித்துக் காட்டு. கிழக்கு பேர்லினில் இறங்கி, ஜேர்மனி முழுக்கப் பயந்து பயந்து ரயிலில் வந்து, இந்த நாட்டு எல்லைக் காட்டில் நாங்கள் நின்ற விடியற்காலை அவருக்கு ஞாபகம் இருக்கும். கூட்டிவந்தவன் மரங்களுக்கு அப்பால் கையைக் காட்டிவிட்டுத் திரும்பிப் போய்விட்டான். முழங்கால் அளவு பனி, ஒருவரும் அதற்கு முதல் பனிக்குள் நடந்ததில்லை. எங்கே பள்ளம், எங்கே ஓடை என்று தெரியாது. முன்னுக்குப் போகிறவர் கால் வைத்தால்தான் தெரியும். முன்னுக்குப் போகிறவரைத்தான் பொலிஸும் முதலில் காணும். ஏழெட்டு ஆண்கள் நின்றார்கள், நீயும் நின்றாய். அந்தக் கூட்டத்தில் நான் ஒருத்திதான் பொம்பிளை. அப்போது சித்தப்பா என் பக்கம் திரும்பினார்.

"அக்கா, நீங்கள் முன்னுக்குப் போங்கோ. பொம்பிளையைக் கண்டா சுடமாட்டாங்கள்."

நான் போனேன். என் நெற்றியில் பொட்டு இல்லை, கழுத்தில் தாலி இல்லை, அவருக்கு அது நன்றாகத் தெரியும். அன்றைக்குச் சகுனம் பார்க்க ஒருவருக்கும் நேரம் இருக்கவில்லை. நான் கால் எடுத்த குழிக்குள் நீ கால் வைத்தாய், உன் குழிக்குள் அவர் வைத்தார். ஓடை வந்த இடத்தில் நான் இடுப்பளவுக்கு இறங்கிப்போனேன், நீங்கள் எல்லாரும் சுற்றி வந்தீர்கள். மறுகரையில் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அந்தப் பழக்கத்தில்தானே தன் அண்ணன் மகளை உனக்குத் தரக் கேட்டார். அன்று முன்னுக்குப் போகச் சொன்ன வாயால் இன்று ரெண்டாம் வரிசைக்குப் போகச் சொல்கிறார். அவர் நல்ல மனுஷன், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஆபத்து என்றால் முன்னுக்கும் மங்கலம் என்றால் பின்னுக்கும் நிற்க நான் ஆள் இல்லை.

சுகந்தி எனக்கு ரெலிபோன் எடுத்தது உனக்குத் தெரியாது. கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுத் தெருப் பெட்டியிலிருந்து எடுத்தாள். கெட்டிக்காரி, சுற்றி வளைக்கவில்லை. "மாமி, அந்த ஐஸில போகப் பயமில்லையோ?" என்று கேட்டாள். "பயம்தான்" என்றேன். உண்மையும் அதுதான். உவேலி ஒடுங்கிய இடங்களைப் பென்சிலால் வட்டம் போட்டபோது ஒவ்வொரு வட்டத்தையும் எண்ணிக்கொண்டு நின்றேன். ஐஸுக்கு மேலே, பனிக்கு அடியில் தண்ணீர் ஊறின பனிச்சேறு தட்டுப்பட்டால் நிற்கக்கூடாது, வேகத்தைக் குறைக்கக்கூடாது, நேரே பார்த்து ஓடவேண்டும் என்கிறார். நின்றால்தான் தாழுமாம். நீச்சல் தெரியாதவளுக்கு இதைக் கேட்க எப்படி இருக்கும்? ஆனாலும் போறன் என்று அவளிடம் சொன்னேன். வந்த உடனே தனக்குத்தான் முதலில் கதை சொல்லவேண்டும் என்று கேட்டாள். உன் கல்யாணம் குழம்பிப்போகும் என்று நீ பயப்படுகிறாய். எனக்கென்னவோ அந்தப் பிள்ளை உன்னைவிடத் துணிந்தவள் போலத் தெரிகிறது.

இன்னொன்றும் சொன்னாய், ஒரு பிரயோசனமும் இல்லாத பயணத்துக்கு இவ்வளவு தூரம் போகவேண்டுமா என்று. இல்லை, தம்பி, ஒரு பிரயோசனமும் இல்லைதான். அதற்காகவே போகிறேன். இந்த வயதுவரைக்கும் நான் போன பயணம் எல்லாம் யாருக்காவது பிரயோசனமானவை. பிள்ளைப்பேறு பார்க்கப் போனேன், செத்தவீட்டுக்குப் போனேன், அப்பாவின் உடலைக் கேட்டுப் போனேன், உன் உயிரைக் கொண்டு இங்கே வந்தேன். அகதிக்கு என்ன உல்லாசம் என்று மலர் அன்ரி கேட்டாவாம். ஏன், அகதிக்குக் கண் இல்லையா? போன இலையுதிர் காலத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் அகதிகளுக்குக் கொடுக்கிற நீலப் பயணப் புத்தகம் தந்தபோது, ஒரு நாட்டைத் தவிர மற்ற நாட்டுக்கெல்லாம் போகலாம் என்றார்கள். போகக்கூடாது என்ற அந்த ஒரு நாட்டை நினைத்து நினைத்து நீ அதைப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறாய். நான் மற்ற நாடுகளிலிருந்து தொடங்குகிறேன். அதில் விழப்போகிற முதல் முத்திரை என்னுடைய ஆசைக்கு விழட்டும்.

இனி உன் கல்யாணம். மணவறைக்குப் பக்கத்தில் உன் தாயின் இடத்தில் நான் நிற்பேன். பால் அறுகும் நான்தான் முதலில் வைப்பேன், எனக்குப் பிறகு மலர் அன்ரி வைக்கட்டும், நொஷாட்டல் முழுக்க வந்து வைக்கட்டும், எனக்கு ஆட்சேபனை இல்லை. ஐயர் முகம் சுளித்தால் அவரோடு நான் கதைத்துக்கொள்கிறேன். கூறைச்சேலைக்கு என்ன நிறம் எடுப்பது என்று சுகந்தியிடம் கேட்டு எழுது. அதோடு லுசேர்ணில் நல்ல உளுந்து கண்டால் மிர்கோவிடம் கொடுத்துவிடு, வடைக்குப் போதாமல் இருக்கிறது.

அன்று காலை நீ வேட்டி கட்டி, தலைப்பாகை வைத்து, தோழனோடு வெளிக்கிட்டு வாசலுக்கு வரும்போது, நிறைகுடத்தைப் பிடித்துக்கொண்டு எதிரே வருகிறவள் நான்தான். உனக்கு முழுவியளம் என் முகம். அந்தக் காட்டிலும் அதுதான், இருந்தும் நீ உயிரோடு வந்து சேர்ந்தாய். இல்லை, அம்மாவின் முகத்தில் முழிக்கப் பயம் என்றால், வேறு வழியால் போ. ஆனால் நீ குடியிருக்கிற அந்த வீட்டை நான்தானே வந்து பார்த்து எடுத்துத் தந்தேன். அதற்கு இருக்கிறது ஒரு கதவுதான்.

அம்மா